ஷான்ட்ரெல் காளானா? தண்டைப் பிளந்து பாருங்கள்

மழை விட்ட பிறகு கொடைக்கானல் பைன் தோப்புகளில் மஞ்சளாகப் புனல் வடிவில் ஏதாவது முளைத்தால் 'ஷான்ட்ரெல்தானே?' என்று ஆர்வமாகக் கேட்பவர்கள் உண்டு. ஷான்ட்ரெல் என்பது சமைத்துச் சாப்பிடும் ஒரு காட்டுக் காளான். ஐரோப்பாவில் பேர்போன அதன் இரண்டு வகைகளான பொன் ஷான்ட்ரெலையும் மஞ்சள்கால் ஷான்ட்ரெலையும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

தண்டை நீளவாக்கில் பிளந்தாலே பாதி விஷயம் புரியும். பொன் ஷான்ட்ரெலின் தண்டு கெட்டி. உள்ளே வெளிர்ந்த சதை, நார் நாராகப் பிரியும். முகர்ந்தால் ஆப்ரிகாட் பழ வாசனை. மஞ்சள்கால் ஷான்ட்ரெலுக்கோ குடை பழுப்பு, தண்டுதான் மஞ்சள். பிளந்தால் பப்பாளி இலைக் காம்பு மாதிரி உள்ளே வெறும் குழாய். பாசி படர்ந்த ஊசியிலைக் காட்டில் குளிர்காலம் வரைகூட கிடைக்கும்.

சமையலிலும் வித்தியாசம் உண்டு. மஞ்சள்கால் மெலிசு என்பதால் அருமையாகக் காயும். பொன் வகையைக் காயவைத்தால் ரப்பராகிவிடும். வெண்ணெயில் வதக்கி ஃப்ரீசரில் வைப்பதே நல்லது.

இரண்டுக்கும் குடையின் அடியில் மழுங்கலான, கிளைபிரியும் மடிப்புகள் தண்டு வரை இறங்கும். நகத்தால் தள்ளினால் தனியாகப் பெயர்ந்து வராது. அதற்குப் பதில் கூர்மையான மெல்லிய தகடுகள் இருந்து, மரக்கட்டையில் கொத்தாக முளைத்திருந்தால் கிட்டவே போகாதீர்கள். கடும் வாந்தியைக் கொண்டுவரும் ஒருவகை நச்சுக்காளான் அப்படித்தான் இருக்கும்.

அப்புறம், நம் மலையில் கண்டதை இந்தக் குறிப்பை மட்டும் நம்பிச் சமைக்க வேண்டாம். காளான் ஆய்வாளர் யாரிடமாவது காட்டுங்கள். பல காளான் நஞ்சுகள் கொதிக்க வைத்தாலும் போகாது.