பழைய நிரலை அப்படியே ஒட்டும் முன்

போன வாரம் ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் விபத்தின் விசாரணை அறிக்கையைப் படித்தேன், சின்ன அறிக்கைதான், நிரல் எழுதுகிறவர்கள் ஒரு முறையாவது படிக்கலாம். 1996 ஜூன் 4, முதல் பயணம், கிளம்பிச் சுமார் 40 விநாடியில் சிதறிவிட்டது. ஏரியான் 4-இல் ஒழுங்காக ஓடிய நிரலை அப்படியே எடுத்து வைத்திருக்கிறார்கள். புது ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகம், அதையொட்டிய ஒரு 64 பிட் எண்ணை 16 பிட்டுக்குள் அடைக்கப் போய், அதில் அடங்கும் உச்ச எண்ணான 32,767-ஐத் தாண்டிவிட்டது, கணினி படுத்துவிட்டது. மாற்றுக் கணினியிலும் அதே நிரல், அதுவும் படுத்துவிட்டது. கொடுமை என்னவென்றால், கிளம்பிய பிறகு அந்தக் கணக்கு ஏரியான் 5-க்குத் தேவையே இல்லை!

சரி, நமக்கு வருவோம். பழைய ஃபங்ஷனை எடுக்கும்போது அது எதை நம்பி எழுதப்பட்டது என்று தேடி, அதைக் கமெண்டாக இல்லாமல் அசெர்ட்டாகவே (நிபந்தனை பொய்த்தால் உடனே பிழை எழுப்பும் வரி) முதல் வரியில் போடுங்கள். கமெண்டை யாரும் படிப்பதில்லை (நானும்தான்). அப்புறம் எல்லைக்கு இரண்டு டெஸ்ட், 32,767-க்கு ஒன்று, 32,768-க்கு ஒன்று. ஒரு பில்லிங் நிரலில் இப்படிப் போட்ட பிறகுதான், பில் எண் அடுத்த மாதமே எல்லையைத் தொடப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. அசெர்ட் விழுந்தால் மொத்தமும் நிற்க வேண்டுமா என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள், ஏரியானில் பிழை வந்ததும் கணினி தன்னையே நிறுத்திக்கொண்டது.