பெருங்கடல் தாண்டும் மோட்டார் படகை வாங்குமுன் சோதிப்பது எப்படி?

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலு வரை ஏறத்தாழ 2,225 கடல் மைல். இடையில் டீசல் நிரப்ப ஒரு துறைமுகம்கூட இல்லை. விற்பவர் ‘எந்தக் கடலையும் தாண்டும்’ என்று சொல்லும் படகை இந்தப் பாதையை உரைகல்லாக வைத்துச் சோதிக்கலாம்.

முதலில் வேகத்தைக் கணக்கிட வேண்டும். நீரைக் கிழித்துச் செல்லும் கனமான படகின் உச்ச வேகம், நீர்மட்டத்தில் அதன் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் கிடைப்பதற்கு அருகில் நின்றுவிடும். 36 அடி என்றால் சுமார் 8 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). ஆனால் 7 நாட்டிலிருந்து 8 நாட்டுக்கு உயர்த்தினாலே மணிக்கு எரியும் டீசல் பெரும்பாலும் ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடுவதால், நெடும்பயணத்துக்கு 7 நாட்டையே கணக்கில் கொள்ள வேண்டும். அவ்வேகத்தில் ஹவாயை அடைய 318 மணி நேரம், அதாவது 13 நாளுக்குச் சற்று மேல் ஆகும். மணிக்கு 12 லிட்டர் செலவானால் 3,816 லிட்டர் தேவை. எதிர்க்காற்றுக்காகத் தொட்டியில் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்ச வேண்டுமென்றால் 4,770 லிட்டர் கொள்ள வேண்டும். விளம்பரத் தாளில் உள்ள தூரம் எந்த வேகத்துக்கு உரியது என்று கேட்காமல் அதை நம்ப வேண்டாம்.

அடுத்து என்ஜின் அறை. நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது இங்கேதான். படகு குலுங்கும்போது தொட்டியடியில் படிந்த கசடு கலங்கி வடிகட்டியை அடைக்கும். நடுக்கடலில் என்ஜின் நிற்பதற்கு இது வழக்கமான காரணம். ஆகவே என்ஜினை நிறுத்தாமலே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றக்கூடிய இரட்டை வடிகட்டிகளும், அடைப்பு கூடக்கூட முள் ஏறிக் காட்டும் உறிஞ்சழுத்த மானியும், நீர் தேங்குவது தெரியும் கண்ணாடிக் கிண்ணமும் இருக்கின்றனவா என்று பார்க்கவும். என்ஜினுக்கு நேராக டீசல் தரும் சிறு தொட்டியான நாள் தொட்டியின் பக்கவாட்டில் அளவுக்குழாய் இருந்தால் மணிதோறும் செலவைக் கண்ணாலேயே அளக்கலாம். மின்னணுக் காட்டியைவிட நான் அதையே நம்புவேன்.

ஒற்றை என்ஜின் குறையன்று, உந்துவிசிறியைச் சுழற்றும் தனித் தண்டும் தனித் தொட்டியும் கொண்ட சிறு துணை என்ஜின் உடனிருந்தால். டீசலைப் பகிர்ந்துகொள்ளும் துணை என்ஜின், டீசல் கெட்ட நாளில் கைகொடுக்காது.

படகு பக்கவாட்டில் சாய்ந்தாடும் உருட்டலைத் தணிக்க, நீருக்கடியில் மீன் துடுப்பு போல அசையும் தகடுகள் பொருத்தப்பட்டிருக்கும். அவை பழுதானால் என்ன மாற்று என்று கேட்கவும். இருபுறமும் நீண்ட கம்பங்களில் தொங்கி நீருக்குள் இழுபடும் எளிய தகடுகள் ஒரு மாற்று; அவற்றுக்கு மின்சாரமோ ஹைட்ராலிக் எண்ணெயோ வேண்டாம். வேகம் சற்றுக் குறையும், அவ்வளவே. பெரிய கண்ணாடிச் சன்னல்களுக்குப் புயல் மூடிகளும் தேவை.

வெள்ளோட்டத்தின்போது முதன்மை என்ஜினை நிறுத்தி, துணை என்ஜினில் மட்டும் அரை மணி நேரமாவது காற்றுக்கு எதிரே ஓட்டிக் காட்டச் சொல்லவும். சுக்கான் அப்போதும் பணிகிறதா என்பதைத் தாங்களே பிடித்துப் பார்க்க வேண்டும்.