வெளிநாட்டுத் தத்தெடுப்பில் குடும்பமாகச் சேர்ந்து விடுகிற பிழைகள்

தங்கச்சி கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறாள், நான் இலங்கையில், கொழும்பு வெள்ளவத்தையில். இங்கிருந்து ஒரு பிள்ளையைத் தத்தெடுப்பது என்று அவளும் கணவரும் முடிவெடுத்த நாளிலிருந்து இந்தப் பக்கத்து வேலைகளுக்கு நான்தான் ஆள். பிள்ளை இன்னும் வரவில்லை. ஆனால் காத்திருக்கிற காலத்தில் ஒரு குடும்பம் என்னென்ன பிழை விடலாம் என்பது எனக்கு இப்போது நன்றாகத் தெரியும், பாதி நாங்களே விட்டதுதான்.

விஷயம் நாலு பேருக்குத் தெரிந்தவுடனே போன் வரத் தொடங்கும். "எனக்குத் தெரிஞ்ச ஒரு நேர்ஸ் இருக்கிறா, ஒரு பிள்ளை பெறப்போகுதாம், வளர்க்க வசதியில்லையாம், நேரே கதைச்சு எடுத்திடலாம்." எங்களுக்கு மூன்று தரம் இப்படி வந்தது, மூன்றும் நல்ல மனதோடு சொன்னவைதான். அப்படியே நிறுத்திவிடுங்கள். 1970, 80களில் இந்த நாட்டிலிருந்து 11,000க்கும் அதிகமான பிள்ளைகள் ஐரோப்பாவுக்குப் போனதாகச் சொல்கிறார்கள். அவர்களில் பலர் வளர்ந்து தாயைத் தேடி வந்தபோது, கடதாசியில் பெயர் இருந்த பெண் தாயே இல்லை, காசுக்காக நீதிமன்றத்தில் தாய் என்று வந்து நின்ற யாரோ ஒருத்தி. 1987இல் வெளிநாட்டுத் தத்தெடுப்பையே கொஞ்சக் காலம் நிறுத்த வேண்டி வந்தது, 1992இல் சட்டத்தைத் திருத்தி இறுக்கினார்கள், 1995இல் இலங்கை, நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்புக்கான ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்தது. அதன் 29ஆம் உறுப்புரையின்படி, பிள்ளையைத் தத்துக் கொடுக்கலாம், இவர்கள் எடுக்கத் தகுதியானவர்கள் என்பதெல்லாம் உறுதியாகும்வரை எடுக்கப்போகிறவர்கள் பெற்றோரோடோ பராமரிப்பவர்களோடோ தொடர்பு வைக்கக்கூடாது. சொந்தத்துக்குள் எடுப்பதற்கும், அதிகாரிகள் வைத்த நிபந்தனைப்படி நடக்கிற தொடர்புக்கும் மட்டும் விலக்கு உண்டு. எங்கள் அம்மா ஒரு சிறுவர் இல்லத்துக்குப் பிஸ்கட்டும் கொஞ்சக் காசும் கொண்டுபோய்க் கொடுத்து "பார்த்து வைப்பம்" என்று புறப்பட்டா. புண்ணியத்துக்குக் கொடுக்கிற காசுகூட அந்த நேரத்தில் வேறு மாதிரித்தான் தெரியும் என்று விளங்கப்படுத்த எனக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போனது.

அடுத்தது குறுக்குவழி. இரட்டைக் குடியுரிமை இருக்கிறதுதானே, இங்குள்ளவர்கள் மாதிரி நீதிமன்றத்தில் எடுத்துவிட்டுப் பிறகு ஸ்பொன்சர் பண்ணலாமே என்று தங்கச்சியின் கணவர் கேட்டார். புத்திசாலித்தனமாகத்தான் இருக்கிறது, ஆனால் சரிவராது. உடன்படிக்கை பார்ப்பது எந்த நாட்டுப் பாஸ்போட் என்பதை அல்ல, நீங்கள் வழமையாக எங்கே வாழ்கிறீர்கள் என்பதை. முதலில் அங்கே வீட்டுக்கு வந்து ஆய்வு செய்து அறிக்கை எழுத வேண்டும், அங்குள்ள மாகாண அதிகாரிகள் சரி சொல்ல வேண்டும், அப்புறம்தான் பத்தரமுல்லையில் இருக்கிற நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்துக்கு விண்ணப்பம் வரும். திணைக்களம் ஒரு பிள்ளையைப் பொருத்தி, இரண்டு நாடும் சம்மதித்த பிறகே நீதிமன்றம். வரிசையை மாற்றினால் தீர்ப்பு கையில், பிள்ளை மடியில், விசா மட்டும் இல்லை என்கிற நிலைதான். அண்ணன் பிள்ளை, அக்கா பிள்ளை என்று சொந்தத்துக்குள் எடுத்தாலும் இந்த வரிசை மாறாது. பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்காக மட்டும் செய்வதென்று தெரிந்தால் மறுத்துவிடுவார்கள்.

எங்கள் வீட்டில் காலத்தை அதிகம் தின்றது சட்டம் இல்லை, பெயர். தங்கச்சியின் பிறப்புச் சான்றிதழ் முழுக்கத் தமிழில். அப்பாவின் பெயர் அதில் ஒரு மாதிரி, விவாகச் சான்றிதழின் ஆங்கிலத்தில் ஒரு மாதிரி, பழைய அடையாள அட்டையில் முதலெழுத்து மட்டும். கனடாப் பாஸ்போட்டிலோ கணவரின் பெயர் குடும்பப் பெயராகிவிட்டது. எங்களுக்கு இதெல்லாம் ஒரே ஆள் என்று பார்த்தவுடனே தெரியும், கோப்பைப் பார்க்கிற அதிகாரிக்கு அது நாலு பெண்கள். போதாததற்கு நாங்கள் காசு கொடுத்துப் பிடித்த மொழிபெயர்ப்பாளர் ஐந்தாவதாக ஒரு எழுத்துக்கூட்டலைக் கண்டுபிடித்தார். அதைத் திருத்தி, எல்லாம் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்து அனுப்புவதற்குள் பொலிஸ் சான்றிதழ் பழசாகிவிட்டது, அதைத் திரும்ப எடுக்க வேண்டி வந்தது. ஆகவே ஒரு கடதாசியும் கேட்பதற்கு முன்பே இருப்பதையெல்லாம் மேசையில் பரப்பி, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பாஸ்போட்டில் இருக்கிற எழுத்துக்கூட்டலைத்தான் மொழிபெயர்ப்பாளருக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும். மருத்துவ அறிக்கை, பொலிஸ் சான்றிதழ் போன்ற காலாவதியாகிறவை கடைசியில்.

டிக்கெட்டை முன்கூட்டிப் போடாதீர்கள். கணவன் மனைவி இருவரும் நேரில் வர வேண்டும், ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பரில் நீதிமன்ற விடுமுறை, மாதம் ஒரு போயா (பௌர்ணமி) விடுமுறை. "புதுவருசத்துக்குப் பிள்ளை வந்திடும்" என்று சொந்தக்காரருக்குச் சொன்ன வாயால் திரும்பத் திரும்ப "இன்னும் இல்லை" என்று சொல்வது, காத்திருப்பதைவிடக் கஷ்டம். பிள்ளையின் படத்தை வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதும் வேண்டாம், தீர்ப்பு வரும்வரை அது உங்கள் பிள்ளை இல்லை.

பிறகு, எப்படிப்பட்ட பிள்ளை. சொந்தக்காரர் கேட்பதெல்லாம் கைக்குழந்தையா, வெள்ளையா, என்ன நட்சத்திரம், என்ன ஆட்கள், அதாவது என்ன சாதி. (கடைசிக் கேள்வியைக் கேட்டவருக்கு நான் இன்னும் தேத்தண்ணி கொடுக்கவில்லை.) திணைக்களம் பார்க்கிற பொருத்தத்தில் சாதகம் கிடையாது. உள்நாட்டில் ஒரு குடும்பம் கிடைக்குமா என்று பார்த்த பிறகுதான் வெளிநாடு, ஆகவே கொஞ்சம் வளர்ந்த பிள்ளையோ, சகோதரங்களோ, மருத்துவத் தேவை உள்ள பிள்ளையோ வருவதற்கே வாய்ப்பு அதிகம். 10 வயது தாண்டியிருந்தால் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். இந்த மூன்று மாதிரிப் பிள்ளைகளுக்கும் மனம் தயாரா என்று விண்ணப்பத்துக்கு முன்பே கணவன் மனைவி உட்கார்ந்து கதைக்க வேண்டும், பிள்ளையின் அறிக்கை வந்த அன்று இரவு அல்ல.

வளர்ந்த பிள்ளை என்றால் மொழியோடு வரும், பெரும்பாலும் சிங்களத்தோடு. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. வந்த இரவு பிள்ளை "படகினி" என்று அழும்போது, பசிக்கிறது என்று விளங்காமல் நிற்பது எவ்வளவு கொடுமை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ கோலில் நான் அவர்களுக்குச் சிங்களம் சொல்லிக்கொடுக்கிறேன், தண்ணீருக்கு வத்துர, தம்பிக்கு மல்லி. அம்மா இரண்டு மொழியிலும் அம்மாதான், தங்கச்சிக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. அவள் கணவருக்குத்தான் சிக்கல், சிங்களத்தில் அப்பாவை "தாத்தா" என்பார்கள், நாற்பது வயதில் தாத்தாவாக மாட்டேன் என்று நிற்கிறார். எங்கள் அப்பா பக்கத்தில் இருந்து, அப்படியென்றால் என்னை என்னவென்று கூப்பிடும் என்று கேட்டார். "சீயா" என்றேன். அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏன் பிள்ளை, வந்தவுடனேயே என்னைச் சீ என்றா சொல்லப்போகுது?" என்றார்.