குளிரும் மீன் தொட்டிக்கு ஹீட்டர் மாட்டுவது எப்படி?

ஹீட்டர் வாங்கக் கிளம்பும் முன் ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். ஒரு வாரம், விடியற்காலையில் ஒரு முறையும் பிற்பகலில் ஒரு முறையும் நீரை அளந்து குறித்துவையுங்கள். விடியற்காலையிலும் 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கவில்லையா? கப்பி, ஃபைட்டர், ஏஞ்சல் வளர்ப்பவர்கள் காசை மிச்சப்படுத்தலாம். சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி இப்படித்தான் போகும். 28 டிகிரிக்குக் குறையாமல் கேட்கும் டிஸ்கஸ் மீனுக்கு மட்டும் அங்கேயும் மார்கழியில் தேவைப்படும். ஊட்டி, குன்னூர் வீடுகளில் ஹீட்டர் இல்லாமல் வெப்பமண்டல மீன் வளர்க்கவே முடியாது. தங்கமீனோ குளிர்நீர் மீன். கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும் அதற்கு ஹீட்டர் வேண்டாம்.

இனி வாட் கணக்கு. தொட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். 60, 30, 30 என்றால் 54 லிட்டர்; மணலும் கல்லும் போக 45 லிட்டர் என்று வையுங்கள். சமவெளியில் லிட்டருக்கு 1 வாட் போதும், அதாவது 50 வாட் ஹீட்டர். மலை ஊர்களில் அதைப்போல் இரு மடங்கு.

பெரிதாகவே வாங்கிவிட்டால் என்ன என்று தோன்றும். வைத்த சூடு வந்ததும் ஹீட்டரை அணைக்க அதற்குள் இருக்கும் தெர்மோஸ்டாட் ஒருநாள் சிக்கிக்கொண்டு, அணையாமலே எரியலாம். 50 லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்க 50 வாட் ஹீட்டருக்குச் சுமார் 70 நிமிடம் பிடிக்கும்; நீங்கள் கவனிக்க அவகாசம் உண்டு. 300 வாட் ஹீட்டர் அதையே 12 நிமிடத்தில் முடித்துவிடும். காலையில் எழுந்து பார்த்தால் மீன் வெந்திருக்கும். 100 வாட் தேவையென்றால் இரண்டு 50 வாட் ஹீட்டராக வாங்குவது என் வழக்கம். ஒன்று செத்தாலும் மற்றது ஓரளவு தாங்கும்.

மாட்டும் இடம் முக்கியம். ஃபில்டரிலிருந்து நீர் பாயும் பக்கத்தில், தரைக்குச் சற்று மேலே, படுக்கைவாட்டிலோ சாய்வாகவோ ஒட்டுங்கள். மணலுக்குள் புதைக்காதீர்கள். நீர் ஓடாத மூலையில் மாட்டினால் அந்த மூலை மட்டும் சுடும், எதிர்ப்புறம் மீன் குளிரில் ஒடுங்கிக் கிடக்கும். தெர்மாமீட்டரை அந்த எதிர்ப்புறத்தில்தான் ஒட்ட வேண்டும்.

ஒயரைப் பிளக்கிற்குக் கீழே ஒரு வளைவு தொங்கும்படி விடுங்கள். ஒயர் வழியே வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், சாக்கெட்டுக்குள் போகாது. வீட்டு மின் பெட்டியில் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹீட்டரை நீருக்குள் வைத்து அரைமணி நேரம் கழித்தே சுவிட்சைப் போடுங்கள். நீர் இப்போது 21 டிகிரியில் இருந்தால் நேராக 26-க்குத் திருப்பிவிடாதீர்கள். நாளுக்கு இரண்டு டிகிரி ஏற்றினால் போதும். திருகில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். என்னிடம் உள்ள ஒன்றில் 26 வைத்தால் நீர் 29 காட்டுகிறது. தெர்மாமீட்டர் சொல்வதைக் கேட்டுத் திருகை நகர்த்துங்கள். சூடு ஏற ஏற நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால் காற்று பம்பைக் கூட்டுங்கள்.

இரவில் மின்சாரம் போனால் தொட்டியைச் சுற்றிப் போர்வை போர்த்துங்கள்; மேலே சிறிது இடைவெளி இருக்கட்டும்.

தண்ணீர் மாற்றும் நாளில் முதல் வேலை பிளக்கைப் பிடுங்குவது. பிறகு கால் மணி நேரம் பொறுத்திருந்து தண்ணீரை இறக்குங்கள். இதை மறந்துதான் என் முதல் ஹீட்டரின் கண்ணாடியை உடைத்தேன்: நீர் இறங்கி வெளியே தெரிந்த சூடான குழாயில் வாளித் தண்ணீர் பட்டதும் டப்பென்று விரிசல். இப்போது சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன், ‘பிளக்?’ என்று.