வீட்டு பிளக்கில் மின்சாரக் கார்: நாங்கள் விடும் தவறுகள்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக் கராஜில் வோஷிங் மெஷினுக்கென்று ஒரு 13 அம்பியர் பிளக் பொயின்ட் இருந்தது. கார் வந்த புதிதில் இரண்டு கிழமை அதிலேதான் சார்ஜ் போட்டேன். ஒருநாள் விடிய பிளக்கைக் கழற்றப் போனால் கை சுட்டது. மூன்று பின்களில் ஒன்று கறுத்துப்போய், அதைச் சுற்றியிருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் அப்பத்தின் ஓரம்போலப் பொன்னிறமாகியிருந்தது. ட்ரிப் சுவிட்ச் விழவேயில்லை.

'பிழை என்றால் ட்ரிப் விழும்தானே' என்று நம்புவதுதான் முதல் தவறு. ட்ரிப் சுவிட்ச் பார்ப்பது மின்கசிவை. பிரேக்கர் பார்ப்பது அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டத்தை. பிளக்குக்குள் தளர்ந்த ஸ்க்ரூ ஒன்று சூடேறினால் இரண்டுக்குமே அது தெரியாது, ஏனென்றால் கசிவும் இல்லை, மின்னோட்டமும் கூடவில்லை. தளர்ந்த இடத்தில் 0.2 ஓம் தடை இருந்து 10 அம்பியர் ஓடினால், அந்தச் சின்னப் பித்தளைத் துண்டில் 20 வாட் சூடு பிறக்கும். ஈயம் பற்றவைக்கும் சிறிய அயர்ன் ஒன்றைச் சுவருக்குள் விட்டதுபோல. கெட்டில் நாலைந்து நிமிடத்தில் நின்றுவிடும். கார் எட்டு மணித்தியாலம் இழுக்கும். எங்களைப்போல கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று வேறு, பித்தளையில் பச்சை பிடிக்கும்.

பார்க்க வந்த வயரிங் பாஸ் சொன்னார்: "தம்பி, இது வோஷிங் மெஷினுக்கு இழுத்த வயர். ராவெல்லாம் கார் இழுக்கிறதுக்கு இல்லை." மெயின் போர்டிலிருந்து கராஜுக்கு மட்டும் தனி வயர், தனி பிரேக்கர், தரமான புதிய பிளக் பொயின்ட் என்று மாற்றித் தந்தார். பழைய வீடென்றால் இந்தச் செலவுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

எக்ஸ்டென்ஷன் கோட் வேண்டவே வேண்டாம். சுருட்டி வைத்த கோட் தன் சூட்டிலேயே உருகக்கூடும். 15 அம்பியர் உருண்டைப் பின்னை 13இல் குத்த வைக்கும் அடாப்டரும் அப்படித்தான். ஒவ்வொரு இணைப்பும் தளர்வதற்கு இன்னொரு இடம்.

ஜப்பானில் இருந்து வந்த பழைய நிஸான் லீஃப் மின்சாரக் கார்களோடு வரும் சார்ஜ் கேபிள் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். அது அங்குள்ள 200 வோல்ட் பிளக்குக்குச் செய்தது. 15 அம்பியர் வரை இழுக்கும். அதன் தலையை வெட்டி 13 அம்பியர் பிளக் பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பியூஸ் போனால் கம்பி சுற்றி விடுகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். இங்குள்ள 230 வோல்ட்டுக்கும் 13 அம்பியர் பிளக்குக்கும் என்றே செய்த கேபிளை வாங்குங்கள்.

இதைவிடப் பயங்கரமானது எர்த் விஷயம். எங்கள் நாட்டில் எர்த் கம்பி அவரவர் வளவில் புதைத்தது, கம்பத்திலிருந்து வருவதில்லை. அது துருப்பிடித்தாலோ வயர் அறுந்தாலோ, சார்ஜ் கேபிளோடு இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி சிவப்பு விளக்கைக் காட்டிச் சார்ஜ் ஏற மறுக்கும். அப்போது பிளக்குக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துப் பெட்டியை ஏமாற்றுவார்கள். நாளைக்கு வெளியே நியூட்ரல் அறுந்தால் அந்தத் துண்டு வயர் வழியாகக் காரின் உடம்பெல்லாம் கரண்ட் வரும். பிள்ளைகள் தொடும் கார் அது. சிவப்பு விளக்கு வந்தால் ஆளைக் கூப்பிட்டு எர்த்தை அளக்கச் சொல்லுங்கள்.

பெட்டியைப் பிளக்கில் தொங்கவிடாமல் சுவரில் ஒரு கொக்கியில் மாட்டுங்கள், பாரம் பின்னை இழுக்கும். பிளாட்டில் இருப்பவர்கள் மேல்மாடி ஜன்னலால் வயர் இறக்காமல், நிர்வாகத்தோடு கதைத்துக் கீழே ஒரு பொயின்ட் எடுக்கவேண்டும்.

புதிய பொயின்ட் என்றாலும் முதல் நாள் ஒரு மணித்தியாலம் கழித்துப் பிளக்கின் முதுகில் கை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கையை எடுக்க வைக்கும் சூடு என்றால் அங்கேயே நிறுத்துங்கள். நான் இப்போது கேபிளை 8 அம்பியருக்குக் குறைத்து, வீட்டில் ஏசியும் அயர்னும் ஓய்ந்த பிறகு இரவு 10:30க்குப் போடுகிறேன். விடிய 5:30க்குள் ஏறக்குறைய 13 யூனிட் ஏறிவிடும். வேலைக்குப் போய்வந்து, பிள்ளையை டியூஷனுக்கும் கூட்டிப்போக அது தாராளம்.