ஆசனவாய் வலி: மூல மருந்து வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

அந்த இடத்தில் வலி என்றாலே "மூலமாத்தான் இருக்கும்" என்று முடிவுகட்டி, மெடிக்கல் ஷாப்பில் ஒரு ஆயின்மென்ட் கேட்டு வாங்குவது சென்னையில் சகஜம். ஆனால் உள்மூலம் பெரும்பாலும் வலிக்காது, ரத்தம்தான் போகும். வலி எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று இரண்டு நாள் கவனித்தாலே பாதி தெளிவாகிவிடும்.

மோஷன் போகும்போது பிளேடு கீறினாற்போல் வலித்து, பிறகும் மணிக்கணக்கில் எரிந்தால் அது அநேகமாக ஆசனவாய் வெடிப்பு. சிவப்பாகச் சில சொட்டு ரத்தமும் வரலாம். ஓரத்தில் திடீரென்று நீலம் பாய்ந்த மொச்சை அளவு கட்டி வந்தால் வெளிமூலத்தில் ரத்தம் உறைந்திருக்கிறது. முதல் இரண்டு மூன்று நாள்தான் கடுமை. வலி தாங்கவில்லை என்றால் அந்த 72 மணி நேரத்துக்குள் சர்ஜனிடம் போனால் வெட்டி எடுத்துவிட முடியும். அதைத் தாண்டினால் பெரும்பாலும் தானாக வற்றவிடுவார்கள். நடுராத்திரி எழுப்பிவிட்டுச் சில நிமிடங்களில் மறையும் இழுப்பு வெறும் சதைப்பிடிப்பு, பயம் வேண்டாம்.

இவற்றில் அதிகம் இழுத்தடிப்பது வெடிப்பு. வலியில் ஆசனவாயை மூடிவைக்கும் உள்சுருக்குத் தசை இறுகுகிறது, இறுகினால் ரத்த ஓட்டம் குறைகிறது, புண் ஆறுவதில்லை. வலிக்குப் பயந்து மோஷனை அடக்கினால் மலம் காய்ந்து மறுபடி கிழிக்கிறது. ஆக, தசையைத் தளர்த்துவது, மலத்தை இளக்குவது என்று இரண்டு வேலையும் சேர்ந்து நடக்க வேண்டும்.

முதல் வேலைக்கு வெந்நீர். அகலமான பிளாஸ்டிக் டப்பில் இடுப்பு அமிழும் அளவு நீர், முழங்கை தாங்கும் சூடு, 10 முதல் 15 நிமிடம். மோஷன் போனதும் ஒரு முறை, இரவில் ஒரு முறை. டெட்டால் ஊற்றாதீர்கள், புண் எரியும்; வெறும் நீரே போதும். பிறகு தேய்க்காமல் ஒற்றித் துடைக்கவும். ஹெல்த் ஃபாசெட்டை வேகமாக அடிப்பதும் புண்ணைக் கிளறும்.

இரண்டாவதற்கு இசப்கோல்: இரவு இரண்டு டீஸ்பூன், ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில், கெட்டியாவதற்குள் குடித்துவிட வேண்டும். தண்ணீர் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். கூடவே கீரை, அவரைக்காய், வாழைத்தண்டு, கொய்யா. பரோட்டாவைக் கொஞ்ச நாள் மறந்துவிடலாம். அக்னி நட்சத்திர வெயிலில் பைக்கில் அலைபவர்களுக்கு வியர்வையிலேயே நீர் போய்விடும். வெளியில் டாய்லெட் கிடைக்காதே என்று தண்ணீரைக் குறைக்கும் பெண்களுக்கும் இதே கதிதான். இரும்புச்சத்து மாத்திரை, டிரமடால் போன்ற வலி மாத்திரை மலத்தை இறுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வெஸ்டர்ன் டாய்லெட்டில் காலடியில் ஒரு குட்டி ஸ்டூல் போட்டு முன்னால் சாயுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்கார வேண்டாம். போன் வெளியிலேயே இருக்கட்டும். ஆபீஸ் நாற்காலிக்கு நடுவில் ஓட்டை உள்ள வளைய மெத்தை பலர் வாங்குகிறார்கள். அது ஆசனவாயைத் தொங்கவிட்டு வீக்கத்தைக் கூட்டக்கூடும். தட்டையான மெத்தையே மேல்.

வெடிப்புக்கு டாக்டர் 2% டில்டியாசெம் (தசையைத் தளர்த்தும் களிம்பு) எழுதினால், பட்டாணி அளவு எடுத்து ஓரத்திலும் சற்று உள்ளேயும் தடவ வேண்டும். வலி போனதும் பலர் நிறுத்திவிடுவதால்தான் திரும்ப வருகிறது. 6 முதல் 8 வாரம் தேவைப்படும். இதே வேலைக்கு எழுதும் நைட்ரோகிளிசரின் களிம்பு தலைவலி தரும்; வயாகரா வகை மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தொடவே கூடாது. ஸ்டீராய்டு கலந்த களிம்பை ஒரு வாரத்துக்கு மேல் நீட்டாதீர்கள், தோல் மெலிந்துவிடும்.

இரவு பகல் விடாமல் விண்விண் என்று தெறித்து, காய்ச்சலும் வந்தால் அது சீழ்க்கட்டி. ஆன்டிபயாடிக் மட்டும் போதாது, கீறிச் சீழை எடுக்க வேண்டும்; சர்க்கரை நோயாளிகள் அன்றே போக வேண்டும். ஆறப்போட்டால் பவுத்திரமாகலாம், அதாவது ஆசனவாய் அருகே சீழ் வடியும் துளை விழலாம். மலத்தோடு கலந்த ரத்தம், கருத்த மலம், காரணமில்லாத எடை குறைவு, வாரக்கணக்கில் மாறிய மலப்பழக்கம் இருந்தால் சுவரொட்டியில் பார்த்த "ஆபரேஷன் இல்லாமல் மூலம் குணமாகும்" இடங்களுக்குப் போகாதீர்கள். சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலோ ஸ்டான்லியிலோ சர்ஜரி ஓ.பி.யில் காட்டலாம். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பார்ப்பார்கள். தொட்டாலே துடிக்கிறது என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். விரல் பரிசோதனையைத் தள்ளிவைக்கலாம், அல்லது மரத்துப்போக ஜெல் தடவிய பிறகு செய்யலாம்.