உட்கார்ந்தால் ஜிபிஎஸ் பதிவை நிறுத்தி வையுங்கள்

மலையேறும்போது பாதையை போனில் பதிவு செய்கிறீர்களா? மூச்சு வாங்கவோ சாப்பிடவோ உட்கார்ந்ததும் பதிவை நிறுத்தி வையுங்கள். கிளம்பும்போது மறுபடி ஓடவிட மறக்காதீர்கள். அதுதான் மறந்து தொலைக்கும்.

நாம் அசையாமல் இருந்தாலும் ஜிபிஎஸ் காட்டும் இடம் அசைந்துகொண்டே இருக்கும். திறந்த வானத்தின் கீழேயே போன் சுமார் 5 மீட்டர் வரை தள்ளிக் காட்டும், மரங்களுக்கு அடியில் இன்னும் மோசம். அரை மணி நேரம் உட்கார்ந்தால் அந்த இடத்தில் நூல்கண்டு சிக்கியதுபோல ஒரு கிறுக்கல் விழுந்துவிடும். நடக்காத தூரமும் கணக்கில் சேரும். அப்புறம் யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பாதையை வரையும்போது எந்தக் கோடு நிஜம் என்று முழிக்க வேண்டியதுதான்.

ஓஎஸ்எம்ஆண்ட் போன்ற வரைபடச் செயலிகளில் குறைந்தபட்ச நகர்வு என்ற அமைப்பு உண்டு; அவ்வளவு தூரம் நகர்ந்தால்தான் அடுத்த புள்ளி பதிவாகும். அதை 5 மீட்டர் என்று வைத்தால் கிறுக்கல் பெருமளவு குறையும், கையால் நிறுத்தும் வேலையும் மிச்சம். வேகத்தைப் பார்த்துத் தானாக நிற்கும் வசதியை மட்டும் செங்குத்தான ஏற்றத்தில் நம்ப வேண்டாம். நாம் ஊர்ந்து ஏறுவதையும் ஓய்வு என்று எடுத்துக்கொண்டு, பாதையில் ஓட்டை விட்டுவிடும்.

பாறைச் சுவரை ஒட்டியோ குறுகிய பள்ளத்தாக்கிலோ நடக்கிறீர்கள் என்றால் இந்தக் குறிப்பு பெரிதாக உதவாது. அங்கே சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பி வருவதால், நடக்கும்போதே கோடு விலகிப் போகும்.